இரண்டாவது வரிசையில் குரல் ஏன் கேட்கவில்லை?

லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நான் புரோக்ரஸிவ் ராக் இசையின் நீண்டநாள் ரசிகன். சென்ற ஆண்டு ஒரு கச்சேரிக்கு நிறையப் பணம் கொடுத்து இரண்டாவது வரிசையில் இடம் வாங்கினேன். டிரம்ஸும் கிட்டாரும் காதைப் பிளந்தன. பாடகரின் குரலும் கீபோர்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டன. அடுத்து ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரிக்குப் போக இருக்கிறேன். கலைஞர்களையும் நன்றாகப் பார்க்க வேண்டும், ஒலியும் தெளிவாக இருக்க வேண்டும். எந்த இடத்தை வாங்குவது? மேடையை ஒட்டிய ‘விஐபி’ டிக்கெட் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். மேடைக்கு நேர் எதிரே, ஒலிப்பொறியாளர் அமரும் ஒலிக்கலவை மேசைக்கு அருகில், தரையிலிருந்து சற்று உயர்ந்த இருக்கையை வாங்குங்கள். அங்கே விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்ததற்கு உங்கள் காதும் காரணமில்லை, அந்த இசைக்குழுவும் காரணமில்லை. பெரிய அரங்குகளில் முதன்மை ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் வாழைத்தார்போல் வளைந்து தொங்கும். அவற்றின் ஒலி அரங்கின் நடுவையும் பின்பகுதியையும் குறிவைத்துச் செலுத்தப்படுவதால், முதல் சில வரிசைகளில் இருப்பவர்களின் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது. மேடை விளிம்பில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் அந்தக் குறையை ஓரளவுக்குத்தான் ஈடுசெய்யும். ஆகவே இரண்டாவது வரிசையில் நீங்கள் கேட்டது, டிரம்ஸிலிருந்தும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் நேராக வந்த ஓசை. கீபோர்டின் ஒலியோ கம்பி வழியாக நேரே கலவை மேசைக்குப் போகிறது; மேடையில் அதற்கென்று பெரும்பாலும் ஓசை இருப்பதில்லை. முன்பு பாடகரின் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும், அதிலிருந்து கசிந்த குரலாவது முன்வரிசைக்குக் கிடைத்தது. இப்போது பல குழுக்களில் பாடகர் தம் குரலைக் காதுக்குள் பொருத்திய கருவியில் கேட்டுக்கொள்வதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

சாதாரண ராக் கச்சேரியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். புரோக்ரஸிவ் ராக்கில் பொறுக்க முடியாது. அந்த இசையின் உயிரே அடுக்குகளில்தான் இருக்கிறது. ஏழு தட்டுகள் கொண்ட தாளத்தில் கிட்டார் ஒரு பக்கம் ஓட, கீபோர்டு வேறொரு கணக்கில் அதை எதிர்கொள்ள, அவற்றின் மேல் குரல் நீண்டு நிற்கும்போது, மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் மிஞ்சுவது இரைச்சலாகிவிடும். அந்த மூன்றையும் ஒன்றுசேர்க்கும் ஒலிப்பொறியாளர் தம் காதை வைத்திருக்கும் இடம் கலவை மேசை. அவருக்குக் கேட்பதற்கு மிக நெருக்கமான ஒலி அதன் சுற்றுவட்டத்தில்தான் கிடைக்கும்.

தூரம் போனால் கலைஞர்களின் முகம் தெரியாதே என்பது உங்கள் கவலை. இந்த வகை இசையில் மேடைத்தோற்றம் என்பது பெரும்பாலும் முழு மேடையையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் விளங்கும். 1974-75-இல் ஜெனிசிஸ் குழு நடத்திய சுற்றுப்பயணத்தில் மூன்று திரைகளில் படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அதை முன்வரிசையில் கழுத்தைத் தூக்கிப் பார்த்தவரைவிடப் பின்னால் இருந்தவரே முழுமையாகப் பார்த்திருப்பார். அதே பயணத்தில் அக்குழுவின் பாடகர் பீட்டர் காப்ரியேல் உடல் முழுக்கக் கட்டிகள் புடைத்த ஒரு வேடத்தில் வந்தபோது, மைக்கை வாயருகே கொண்டுபோக அந்த வேடமே இடம் தரவில்லை. அந்தப் பயணத்தில் பதிவான ஒரு கச்சேரி 1998-இல் வெளியானபோது அவர் தம் குரலின் சில பகுதிகளை மறுபடி பாடிச் சேர்க்க வேண்டியிருந்தது. தோற்றத்துக்காக ஒலியை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மறுபக்கம், கிங் கிரிம்ஸன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் ஆடுவதில்லை, ஓடுவதில்லை; உட்கார்ந்தபடியே கிட்டார் வாசிப்பார். 2014-இல் அந்தக் குழு மீண்டும் மேடையேறியபோது மூன்று டிரம்ஸ் கலைஞர்களை முன்வரிசையில் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் உயர்ந்த தளத்தில் அமர்த்தினார்கள். ஒரு தாளம் இடப்பக்கத்துக் கலைஞரிடமிருந்து நடுவிலிருப்பவருக்கும் அவரிடமிருந்து வலப்பக்கத்துக்கும் கைமாறிப் போவதை எதிரே, உயரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மேசைக்கு அருகே என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் ஏமாறுவீர்கள். பழைய நாடக அரங்குகள் பலவற்றில், நடுவிலுள்ள நல்ல இருக்கைகளை விற்றுவிட வேண்டும் என்பதற்காகக் கலவை மேசையை மாடத்துக்குக் கீழே, சுவரோரமாகத் தள்ளிவிடுகிறார்கள். தாழ்ந்த கூரையின் கீழ் மேல்சுருதிகள் மங்கிவிடும். சுவரருகே பேஸ் ஒலி பெருத்துக் கேட்கும். அப்படி ஓர் அரங்கில் நான் ஒலிப்பொறியாளராக வேலை செய்த இரவில், என் இடத்தில் பேஸ் கிட்டார் மேசையையே அதிரச் செய்தது. அதை நம்பி நான் பேஸைக் குறைத்தேன். இடைவேளையில் அரங்கின் நடுவுக்கு நடந்து போனபோதுதான், அங்கிருந்தவர்களுக்குப் பேஸ் அறவே கேட்கவில்லை என்பது தெரிந்தது. பிற்பகுதி முழுவதும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து நடுவுக்கு ஓடி, கேட்டுவிட்டு, திரும்பி வந்து திருத்தினேன். மேசைக்காக நடுவில் எட்டு இருக்கைகளை ஒதுக்கும்படி கேட்டதற்கு, அவை ஏற்கெனவே விற்றாகிவிட்டன என்பதே நிர்வாகத்தின் பதில். அந்த எட்டுப் பேரின் பணத்துக்காக மற்ற எல்லோருக்கும் கெட்ட ஒலி. இந்த அநியாயம் ஊர் ஊராக நடக்கிறது. ஆகவே மேசை மாடத்துக்குக் கீழே இருந்தால் அதை விட்டு முன்னே நகருங்கள். தலைக்கு மேலே திறந்த வெளி தெரியும் முதல் வரிசைதான் உங்கள் இடம்.

இனி அந்த ‘விஐபி’ டிக்கெட். இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் கழுத்தில் தொங்கவிடும் ஓர் அட்டை, ஒரு சுவரொட்டி, தனி நுழைவாயில், முன்வரிசையில் ஓர் இடம் ஆகியவை இருக்கும்; ஒலியைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. முன்வரிசை என்பதையே நல்ல ஒலி என்று சொல்லி விற்கும் தரகரிடம் பேச்சு வளர்க்காதீர்கள். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, மறுவிற்பனை செய்பவர் பிரிவு, வரிசை, இருக்கை எண், அச்சிட்ட விலை ஆகியவற்றைத் தெரிவித்தாக வேண்டும். “வரிசை எண் பிறகு வரும்” என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் டிக்கெட்டே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுக்க அயர்லாந்து 2021-லேயே சட்டம் இயற்றிவிட்டது. பிரிட்டன் அரசு அப்படித் தடை விதிக்கப்போவதாக அறிவிப்பதற்கே 2025 நவம்பர் ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் ரசிகர்கள் கொட்டிக்கொடுத்த பணத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆல்பர்ட் ஹாலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அங்குள்ள ஏறத்தாழ 5,300 இருக்கைகளில் 1,200-க்கும் மேற்பட்டவை தனிப்பட்ட உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை; கட்டடம் எழும்பிய காலத்தில் பணம் போட்டவர்களுக்கு 999 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்டவை. அந்த உறுப்பினர்கள் தங்கள் இருக்கைக்கான டிக்கெட்டை விற்பதும் உண்டு; ஆகவே வெளியில் விற்கப்படும் டிக்கெட் எல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விலையை அரங்கின் சொந்த விற்பனைப் பக்கத்தோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

அரங்கின் ஒலியைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டாம். 1871-இல் திறக்கப்பட்டபோது நீள்வட்டச் சுவரும் குழிந்த கூரையும் சேர்ந்து பயங்கரமான எதிரொலியை எழுப்பின. 1969-இல் கண்ணாடியிழைத் தட்டுகளைக் காளான்கள்போல் கூரையிலிருந்து தொங்கவிட்ட பிறகே அது அடங்கியது. 2019-இல் ஸ்பீக்கர் அமைப்பையும் முழுவதுமாக மாற்றினார்கள். நடுத்தரையைச் சுற்றிப் படிப்படியாக உயரும் ஸ்டால்ஸ் பகுதியில், மேடைக்கு நேர் எதிர்முனையில் இடம் தேடுங்கள். மேடைக்குப் பின்னாலுள்ள பாடகர்குழு இருக்கைகளையும், மேடையை ஒட்டிய பக்கவாட்டுப் பிரிவுகளையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே கலைஞர்களின் முதுகு தெரியும், ஸ்பீக்கரின் முகம் தெரியாது.

பணம் கட்டுமுன் அரங்கின் டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அந்தக் கச்சேரிக்குக் கலவை மேசை எங்கே அமைகிறது, அதனாலோ ஒளி விளக்குகளாலோ நீங்கள் பார்த்துவைத்த இருக்கையின் பார்வை மறைபடுமா என்று கேளுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கப்படும் காதடைப்பான் ஒரு ஜோடியும் வாங்கி வையுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு மேல்சுருதிகளை விழுங்கிவிடும், இது எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும்.