உரக்கடைக்காரர் சங்கம் என்னதான் செய்யும்?

மாதவரம், செங்குன்றம் பக்கம் உரம், விதை, பூச்சிமருந்து விற்பவர்கள் எதற்குச் சங்கத்தில் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரே தொழில் செய்பவர்கள் அரசிடமும் கம்பெனிகளிடமும் சேர்ந்து பேச வைத்திருக்கும் அமைப்பு அது. வியாசர்பாடியில் தண்ணி லாரி வராத நாளில் ஒருவர் போன் செய்வதற்கும் தெருவே திரண்டு போய்க் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தத் தொழிலுக்கு அது ரொம்பவே தேவை, ஏனென்றால் விதைக்கு 1966 சட்டம், பூச்சிமருந்துக்கு 1968 சட்டம், உரத்துக்கு 1985 கட்டுப்பாட்டு ஆணை என்று ஒரே கடைக்குத் தனித்தனி விதிகள், யூரியா மூட்டை விற்க விவசாயி மெஷினில் விரல் வைக்க வேண்டும், சர்வர் படுத்துவிட்டால் வரிசை அப்படியே நிற்கும், சின்னக் கடைக்காரர் தனியாக யாரிடம் போய்ச் சொல்வார்? அப்புறம், சங்கம்தான் விலையை ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். யூரியா விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது, கடைகள் கூடிப் பேசி விலை வைப்பது 2002 போட்டிச் சட்டத்துக்கு விரோதம்.