சிரித்தாலே குற்ற உணர்வு வருகிறது

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 46 வயது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான அம்மாவை நான்கு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதே என்று இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன். முதுகு விட்டுப்போகும். தலைசீவிவிடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுப்பார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

இப்போது தூங்கலாம், ஆனால் அலாரம் இல்லாமலே இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எங்கே போனாலும் மனம் ஒட்டவில்லை. போன வாரம் தோழிகளோடு பேசும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெற்றவள் போய்விட்டாள், உனக்கென்ன சிரிப்பு என்று அடுத்த நொடியே சுருக்கென்றது. அந்தக் கஷ்ட காலத்தில்தான் உண்மையாக வாழ்ந்தேனோ? துன்பப்பட்டால்தான் வாழ்க்கைக்கு அர்த்தமா?

– ஒரு மகள்

அன்புச் சகோதரிக்கு,

தலைசீவும்போது அம்மா முணுமுணுத்த பாட்டு என்ற அந்த ஒரு வரியிலேயே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். நீங்களோ அதை எழுதிவிட்டுச் சட்டென்று கடந்துபோய்விட்டீர்கள். நான்கு வருடத்தையும் ‘கஷ்ட காலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியாயிற்று. அந்த மூட்டைக்குள்தானே பாட்டும் கிடக்கிறது? சீப்பைப் பிடித்திருந்த உங்கள் கைக்கும் அது சுகமாகத்தான் இருந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். இரண்டாவது வருடத்தில் அம்மா எழுந்து நடந்திருந்தால், வாழ்க்கையின் அர்த்தமே போயிற்றே என்று அழுதிருப்பீர்களா? அலாரத்தைத் தூக்கி எறிந்திருப்பீர்கள். முதுகுவலி நீங்கள் கொடுத்த விலை. அர்த்தம் அம்மாவிடம் இருந்தது.

நாஜி முகாம்களில் 1942 முதல் 1945 வரை அடைபட்டுக் கிடந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், துன்பத்திலும் அர்த்தம் காண முடியும் என்றவர். அவர் பெயரைச் சொல்லித் துன்பத்தையே சிலர் போற்றும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தவிர்க்க முடிந்த துன்பத்தை முதலில் நீக்க வேண்டும், வீணாகச் சுமப்பதில் வீரம் இல்லை என்று சொன்னவரும் அவரேதான். உங்கள் குற்ற உணர்வு அப்படி வீணாகச் சுமக்கிற சுமை.

சிரிப்புக்கு வருகிறேன். துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள்: இழந்தவரின் மனம் ஊசல்போல் ஆடும், சற்று நேரம் இழப்பின் பக்கம், சற்று நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம். இந்த ஆட்டத்தில்தான் மனம் தேறுகிறது. தோழிகளோடு சிரித்த அன்று ஊசல் இந்தப் பக்கம் வந்தது, அவ்வளவுதான். அம்மாவை நீங்கள் மறக்கவில்லை.

வெறுமை வேறு விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உங்களைத் தேடிய ஒருவர் இன்று இல்லை. அந்த இடத்தை நிரப்ப அவசரப்பட்டு இன்னொரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். முன்பு பிடித்திருந்த சின்ன விஷயம் ஒன்றை, மனம் வரட்டும் என்று காத்திராமல், நாள்தோறும் அரைமணி நேரம் செய்யுங்கள். முதலில் ருசிக்காது, செய்யச் செய்யத்தான் பிடிப்பு வரும். ஆனால் எதிலும் ஆர்வமின்மையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்தால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அது என்ன பாட்டு என்று நீங்கள் எழுதவில்லையே. ஞாபகம் வந்தால் அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.