ஐபிஏ-வில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம்: சிங்கப்பூர் ஊழியர் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களும் ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. பணம் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். ஐபிஏ என்பது ஒர்க் பெர்மிட்டுக்கு முன் எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) தரும் ஒப்புதல் கடிதம். பேசிக் என்பது அடிப்படைச் சம்பளம், ஓடி என்பது ஓவர்டைம்.

ஊரில் ஏஜென்ட் கொடுத்த ஐபிஏ-வில் பேசிக் 800 வெள்ளி என்று இருந்தது. இங்கே வந்த மறுநாள் ஆபீஸில் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது 600தான் போடுகிறார்கள். கேட்டால், "நீதானே சைன் பண்ணினாய்" என்கிறார்கள்.

அந்தப் பேப்பரைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஐபிஏ-வில் எழுதியிருக்கும் மாதச் சம்பளம், முதலாளி எம்ஓஎம்-இடம் ஒப்புக்கொண்டு பெர்மிட் வாங்கிய தொகை. அதைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு காரியம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். ஒன்று, நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இரண்டு, முதலாளி அதை எம்ஓஎம்-க்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாவதில்தான். கையெழுத்தை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, அமைச்சுக்கு ஒரு வரி அனுப்பியிருக்க மாட்டார்கள். அப்படியானால் 800தான் கணக்கு.

ஆகவே, ஐபிஏ கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விமான நிலையத்தில் ஏஜென்ட் ஆள் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தால், ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப் கிடக்கிறதா என்று தேடுங்கள். உங்களுக்கு வர வேண்டிய பிரதியில் சம்பளமும் பிடித்தமும் உங்கள் தாய்மொழியிலேயே இருக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். அறிவித்த தொகை எம்ஓஎம் பதிவில் இருக்கிறது.

இனி எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்திலேயே தேதியையும் கையில் வாங்கிய தொகையையும் எண்ணால் எழுதுங்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போட்டால், பின்னால் அதில் எந்தத் தொகையையும் நிரப்பிக்கொள்ளலாம்.

எங்கள் கம்பெனியில் ஓடி மணிக்கு 4 வெள்ளி. எல்லாருக்கும் ஒரே ரேட். என் பேசிக் 800. இது சரியா?

சரியில்லை. ஓடிக்குக் கம்பெனி வைத்ததுதான் ரேட் என்று கிடையாது. சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி என்று வகுக்க வேண்டும்.

800 × 12 = 9,600
52 × 44 = 2,288
9,600 ÷ 2,288 = ஏறத்தாழ 4.20 வெள்ளி

இது சாதாரண மணி ரேட். ஓடிக்கு இதில் ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. மாதம் 60 மணி ஓடி பார்த்தால் சுமார் 377 வெள்ளி 60 காசு வர வேண்டும். நீங்கள் வாங்குவது 240. மாதம் 137 வெள்ளிக்கு மேல் போகிறது. வருடக் கணக்கில் 1,650 வெள்ளி. சாதாரண மணிக்கு வரவேண்டிய காசுகூட உங்கள் ஓடிக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஓடி விதி, பேசிக் 4,500 வெள்ளி வரை வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளர் எல்லாருக்கும் பொருந்தும். சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது. ஓடியோடு சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி, மாதத்துக்கு ஓடி 72 மணி என்பது வரம்பு. வரம்புக்கு மேல் வேலை வாங்கியிருந்தால் அது முதலாளியின் தப்பு. செய்த மணிக்கு உங்களுக்குக் காசு உண்டு. "72-க்கு மேல் சட்டப்படி கொடுக்க முடியாது" என்று சில ஆபீஸில் சொல்வது சுத்தப் புரட்டு.

ஓய்வு நாளுக்குக் கணக்கு வேறு. முதலாளி கூப்பிட்டு நீங்கள் போனால், அரை நாள் வரை ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் முழு நாள் வரை இரண்டு நாள் சம்பளம். வாரம் 6 நாள் வேலை என்றால் உங்கள் ஒரு நாள் ரேட் 9,600 ÷ 312 = 30.77. முழு ஞாயிறுக்கு 61.54 வர வேண்டும். நீங்களாகக் கேட்டு வாங்கிய ஞாயிறு வேலை என்றால் இதில் பாதிதான். அதனால்தான் சிலர் "நானே கேட்டுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள்.

மழை பெய்தால் சைட் இல்லை. சைட் இல்லாத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். பிடிக்கலாமா?

கூடாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐபிஏ-வில் சொன்ன மாதச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். நீங்களாக லீவு போட்ட நாளுக்குப் பிடிப்பது வேறு.

சம்பளச் சீட்டே தருவதில்லை. டைம் கார்டும் சூப்பர்வைசர் கையில். 7.30 வரை வேலை பார்த்தால் 6 என்று எழுதுகிறார். எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லையே?

ஆதாரத்தை இன்றிலிருந்து நீங்களே உண்டாக்கலாம். 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு கட்டாயம். அதில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம், ஓடி மணி, ஓடிப் பணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். சம்பளத்தோடு தரவில்லை என்றால் 3 வேலை நாளுக்குள் தர வேண்டும். சீட்டு தராததே ஒரு விதிமீறல். மத்தியஸ்தத்தில் அது உங்களுக்குப் பக்கபலம்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் லாரியில் திரும்பும்போதே எழுதிவிடுங்கள். இப்படி:

12/3 – துவாஸ் சைட் – 8.00–12.00, 1.00–7.30 – ஓடி 2.5 – சூப்பர்வைசர் பெயர்

மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதும் நோட்டு எதிர்த்தரப்பின் முதல் கேள்விக்கே நிற்காது. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு, பார்த்தாலே தெரியும். அன்றன்றைக்கு எழுதியதில் அழுக்கு இருக்கும், அடித்தல் இருக்கும், மழைக்குப் பாதியில் நின்ற நாள் இருக்கும். நம்ப வைப்பது அதுதான்.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்: "அண்ணே, இன்னைக்கு 7.30 வரைக்கும் ஓடி, 4 பேர்." அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாலே போதும். குரூப்பில் மெசேஜ் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தால் உடனுக்குடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஊரில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். தகராறு முற்றிய அன்றைக்குப் போன் காணாமல் போவது டார்மிட்ரியில் புதிதல்ல. டைம் கார்டை ஒப்படைக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள்.

என் கணவர் அங்கே வேலை பார்க்கிறார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. "பில் பாஸ் ஆகட்டும், மொத்தமாகத் தருகிறேன்" என்று முதலாளி சொல்கிறாராம். கூடப் போனவர்கள் பொறு பொறு என்கிறார்கள். எத்தனை நாள் பொறுப்பது? – பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி

பொறுக்க வேண்டாம் அம்மா. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடிப் பணமும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனிக்கு பில் பாஸ் ஆவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பொறுத்தால் இரண்டு வகையில் நஷ்டம். வேலையில் இருப்பவர் ஒரு வருடத்துக்குள் எழுந்த பாக்கிக்குத்தான் மனு போட முடியும். ஜனவரி சம்பளம் பிப்ரவரி 7-க்குள் வரவில்லை என்றால், அடுத்த பிப்ரவரி 7-க்குள் மனு போயிருக்க வேண்டும். தாண்டினால் அந்த மாதம் போயிற்று. மாதா மாதம் ஒன்று இப்படிக் கழன்றுகொண்டே வரும். வேலையை விட்டவருக்கு அதிலும் நெருக்கடி: கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான். இன்னொன்று, மூன்று மாதம் சம்பளம் போடாத கம்பெனியிடம் ஆறாவது மாதம் பணம் இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. கம்பெனி கலைந்துவிட்டால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் வசூலிக்க ஆளிருக்காது.

அவர் செய்ய வேண்டியது இது. சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டிஏடிஎம் அமைப்பின் இணையதளத்தில் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) மூலம் மனு போட வேண்டும். மாதவாரியாக எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சுலபம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதில் முதலாளி தவணை கேட்டால் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தேதியும் தொகையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எழுதிக் கையெழுத்தானதை நீதிமன்றத்தில் பதிந்துகொண்டால், தவறும்போது நீதிமன்ற உத்தரவு போலவே நிறைவேற்றக் கேட்கலாம். ஆபீஸில் தனியாகக் கூப்பிட்டு, "மனுவை வாபஸ் வாங்கு, நாளைக்குத் தருகிறேன்" என்றால், காசு அக்கவுண்டில் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லட்டும்.

பேச்சில் முடியவில்லை என்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் இசிடி எனப்படும் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட வேண்டும். இந்த 4 வாரத்தைத் தவறவிட்டு நிற்பவர்கள் உண்டு. அங்கே வக்கீல் கிடையாது, இரு தரப்பும் நேரே பேச வேண்டியதுதான். கோரிக்கை வரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கம் மூலம் மத்தியஸ்தத்துக்குப் போனவருக்கு 30,000.

மனு போடத் தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையமான எம்டபிள்யூசி-க்கு 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

மாதம் 50 வெள்ளி "சேவிங்ஸ்" என்று பிடிக்கிறார்கள், ஊருக்குப் போகும்போது தருவார்களாம். வேலையை விட்டால் 5,000 வெள்ளி பாண்ட் பணத்தை நான் கட்ட வேண்டும் என்றும் மிரட்டுகிறார்கள்.

இரண்டும் செல்லாது. அந்த 5,000 வெள்ளி, முதலாளி உங்களுக்காக அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கும் பிணை. அதில் ஒரு காசுகூட உங்களிடம் கேட்க முடியாது. வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்க முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியும் அப்படியே. முதலாளி வைத்துக்கொள்ளும் சேவிங்ஸ், டெபாசிட் எதற்கும் அனுமதி இல்லை.

பிடிக்கக்கூடியவை: வேலைக்கு வராத நாள், நீங்கள் ஒப்புக்கொண்ட தங்குமிடச் செலவு (சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகாமல்), உங்களை விசாரித்து உங்கள் தப்பு என்று முடிவான பொருள் சேதம் (அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை, ஒரே முறை). வேலைக்கு வராத நாள், முன்பணம், கடன் போன்றவை நீங்கலாக, ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பெர்மிட் புதுப்பிக்க 1,500 வெள்ளி கேட்கிறார் எங்கள் ஃபோர்மேன். முதலாளி கேட்கச் சொன்னாராம். கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் ஊருக்கு டிக்கெட்.

வேலை கொடுக்கவோ புதுப்பிக்கவோ பணம் வாங்குவது குற்றம். வாங்குகிறவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபோர்மேன் வாங்கினாலும் குற்றமே. ஊரில் இருக்கும் மச்சான் அக்கவுண்டில் ரூபாயாகப் போடச் சொன்னாலும் குற்றமே.

ரொக்கமாகக் கொடுத்துவிட்டவர்கள், ஏடிஎம்மில் எடுத்த தேதியையும் தொகையையும் குறித்துவையுங்கள். பத்துப் பேர் ஒரே வாரத்தில் ஒரே தொகை எடுத்திருந்தால் அதுவே பேசும். உங்கள் ஏடிஎம் கார்டு கம்பெனி கையில் இருந்தால் இன்றே பேங்குக்குப் போய் அதை முடக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். பாஸ்போர்ட்டை அவர்கள் பிடித்துவைத்திருந்தால் அதுவும் சட்டப்படி தப்பு.

கட்டுமானத் துறையில் இருப்பவருக்கு வேறு வழியும் உண்டு. பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளி சம்மதம் இல்லாமலே புது முதலாளி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பெர்மிட் முடியும் தேதியைப் பார்த்து அந்த நாட்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்மேன்கள் பணம் கேட்பது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குச் சற்று முன்னால்தான்.

புகார் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஏர்போர்ட்டுக்கு ஏற்றிவிடுவார்களே?

அப்படி ஏற்றினால், குடிநுழைவு கவுண்டரில் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டும் முன், "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை, எம்ஓஎம்-இடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "சாலரி, நோ பே, எம்ஓஎம்" போதும். கவுண்டரைத் தாண்டிப் போய்ச் சொல்வது கஷ்டம். பாக்கியைத் தீர்க்காமல் ஆளைத் திருப்பி அனுப்ப முதலாளிக்கு உரிமை இல்லை.

புகார் நடக்கும்போது பெர்மிட் ரத்தானால் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் ஸ்பெஷல் பாஸில் தங்கவைப்பார்கள். அந்தப் பாஸில், எம்ஓஎம் அனுமதிக்காமல், எங்கேயும் வேலைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பெயின்ட் வேலைக்குப் போய்ப் பிடிபட்டால் நியாயமான வழக்கும் கெட்டுவிடும்.

நான் வீட்டு வேலைக்கு வந்திருக்கிறேன். ஞாயிறும் வேலை, லீவு என்பதே இல்லை. எனக்கும் ஓடி உண்டா? – பணிப்பெண் வாசகி

வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஓடிச் சட்டம் பொருந்தாது. ஆனால் வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. அன்று வேலை செய்யச் சம்மதித்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாக வர வேண்டும். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் வருவது அது. 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணத்துக்கு மாற்றவே முடியாது, லீவாகத்தான் தர வேண்டும். காலண்டரில் நீங்கள் வேலை செய்த ஞாயிறுகளைச் சுழித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணிப்பெண்களுக்கான சிடிஇ நிலையத்தின் இலவச எண் 1800 2255 233. வீட்டில் பேச வசதி இல்லை என்றால், கடைக்குப் போகும்போது பேசுங்கள்.