எல்ட்ரம்போபேக் சாப்பிட்டும் தட்டணுக்கள் ஏறவில்லையா?

அம்மாவுக்கு ஐடிபி (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்துபோகும் நோய்), மூன்று வாரமாக அவற்றைக் கூட்டும் எல்ட்ரம்போபேக் மாத்திரை 50 மி.கி., காலைக் காபியோடு விழுங்குகிறார், கூடவே கால்சியம் மாத்திரையும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அந்தக் காபியில் இருக்கும் பாலின் மேல்தான்.

கால்சியம், இரும்பு, துத்தநாகம், அமிலம் குறைக்கும் ஜெலுசில் மாதிரி மருந்து, இவை எல்லாமே இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரத்தத்தில் சேர விடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போதான் இதைப் போட வேண்டும். இரவு மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போட்டாலும் இதே கதைதான். கேழ்வரகுக் கூழிலும் கால்சியம் அதிகம், பலருக்கு அது தெரிவதில்லை.

நான் ஐந்தரைக்கு எழுந்து வெறும் தண்ணீரில் போட்டுவிடுவேன். காபி ஏழரைக்குத்தான். முதல் வாரம் கொடுமையாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. கால்சியம் மாத்திரையை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதுவரை பாலோடு போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்.

ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். தட்டணுக்கள் சரிந்து ரத்தக்கசிவு வரலாம். கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்கு, ரத்தம் உறைந்திருக்கலாம்.