கூட்டமில்லாத கிரேக்கத் தீவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சான்டோரினியில் ஒரு வாரம் தங்கி, கடற்கரையில் சும்மா படுத்திருக்க ஆசை. எந்தப் பக்கம் அறை எடுக்கலாம்? (கோவை வாசகி)

சும்மா படுத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் சான்டோரினி சரிப்படாது. படங்களில் பார்க்கிற வெள்ளை வீடுகள் எல்லாம் எரிமலை வாயின் விளிம்பில் நிற்கின்றன. கடல் கண்ணுக்கு எதிரே இருக்கும், காலுக்கு எட்டாது. கடற்கரைகள் தீவின் மறுபக்கம், பெரிசா, கமாரி பக்கம் இருக்கின்றன. அங்கே கறுப்பு மணல். ஜூலை நண்பகலில் செருப்பைக் கழற்றினால் திருவிழாத் தீமிதிதான்.

அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குள் நாக்சோஸ் தீவுக்குப் போய்விடலாம். மேற்குக் கரையில் அயியோஸ் புரோகோபியோஸ், அயியா அன்னா, பிளாக்கா என்று வெளிர்மணல் கடற்கரைகள் ஒன்றையொட்டி ஒன்றாக நீள்கின்றன. பிளாக்கா மட்டுமே ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அதன் தென்பாதியில் குடும்பங்கள் நடத்துகிற, சின்னச் சமையலறையோடு கூடிய அறைகள் கிடைக்கும். நான் எல்லோருக்கும் சொல்வது அந்தப் பகுதியைத்தான். ஆனால் அங்கே ஆடையில்லாமல் குளிப்பவர்கள் இருக்கும் இடங்களும் உண்டு. மாமியாரோடு போகிறவர்கள் அயியா அன்னா பக்கம் தங்கினால் சங்கடமில்லை.

நாக்சோஸே கூட்டம் என்று நினைப்பவர்களுக்கு, பக்கத்திலேயே கூஃபோனிசியா என்ற குட்டித் தீவு இருக்கிறது. விமான நிலையம் கிடையாது, கார் தேவையில்லை, கடற்கரைகளுக்கு நடந்தே போகலாம். மூன்றாம் நாள் என்ன செய்வது என்று கேட்கிற ஆளாக இருந்தால் அங்கே போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது போகலாமா? (மதுரை)

போகலாம், ஆனால் கடலில் இறங்கினால் பற்கள் கிட்டும். மே மாதத்தில் ஏஜியன் கடலின் வெப்பம் 19, 20 டிகிரிதான். நம் கடலின் வெதுவெதுப்பில் குளித்துப் பழகிய பிள்ளைகள் ஐந்தாவது நிமிடம் கரையேறிவிடும்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது காலாண்டு விடுமுறையை. கோடை முழுக்கச் சூடேறிய கடல் செப்டம்பர் கடைசியிலும் இதமாக இருக்கும். ஐரோப்பியப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள், அறை வாடகையும் இறங்கியிருக்கும். லீவு நாட்களோடு இன்னும் இரண்டு நாள் பள்ளியில் அனுமதி கேட்டு வாங்கினால் போதும். அமைதியான தீவு எது என்று தேடுவதில் பாதி நேரத்தையாவது அமைதியான தேதி எது என்று பார்ப்பதில் செலவிடுங்கள்.

ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 15ஆம் தேதி மாதா விண்ணேற்பு விழா. கிரேக்கர்களே சொந்தத் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள், கப்பலில் இடம் கிடைக்காது. போதாததற்கு மெல்டெமி வேறு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று அது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது. ஆனால் மணல் ஊசி ஊசியாகக் கெண்டைக்காலில் குத்தும், படித்துக்கொண்டிருக்கிற புத்தகம் பறக்கும். நாக்சோஸிலேயே மிக்ரி விக்லா என்ற இடம் காற்றைப் பிடித்துப் பலகையில் கடலில் சறுக்குகிறவர்களுக்குப் பேர்போனது. உங்களுக்கு ஓய்வு வேண்டுமென்றால் அங்கே அறை எடுக்காதீர்கள்.

ஏதென்ஸிலிருந்து விமானமா, கப்பலா? (சென்னை)

நாக்சோஸுக்குச் சிறிய விமானம் உண்டு, முக்கால் மணி நேரம். கப்பல் என்றால் பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து வேகப் படகு மூன்றரை மணி நேரம், பெரிய கப்பல் ஐந்து மணிக்கு மேல். நான் பெரிய கப்பல் கட்சி. காற்று நாளில் ஆட்டம் குறைவு, மேல்தளத்தில் உட்கார்ந்து வரலாம். விமான நிலையத்திலிருந்து பிரேயுஸுக்கு நேரடி மெட்ரோ இருக்கிறது. ராஃபினா துறைமுகம் விமான நிலையத்துக்கு இன்னும் கிட்டே. அங்கிருந்து கப்பல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்பும்போது கடைசி இரவு ஏதென்ஸில் தங்குவது போல் திட்டமிடுங்கள். ஒரு முறை இதைச் சொல்லிக்கொடுக்கிற நானே கெட்டிக்காரத்தனமாக, காலைக் கப்பலில் வந்து மாலை விமானம் பிடிக்கலாம் என்று இருந்தேன். காற்று எழுந்தது, கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்துக் காபிக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, போனில் புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன். கப்பல் ஓடாவிட்டால் கப்பல் டிக்கெட் பணம் திரும்ப வரும், போன விமானம் வராது.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். பட்டினிதானா? (திருச்சி)

கவலையே படாதீர்கள். கிரேக்கச் சமையலில் 'லாதெரா' என்று ஒரு வகையே இருக்கிறது: ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வெந்த காய்கறிகள். பீன்ஸும் தக்காளியும் சேர்ந்தது 'ஃபசோலாகியா'. கத்தரிக்காய், உருளை, சுரைக்காய்க்குச் சொந்தமான சுக்கினி சேர்ந்தது 'பிரியாம்', நம் கூட்டுக்குத் தூரத்து உறவு. 'ஃபாவா' என்பது மஞ்சள் பருப்பை மசித்து, மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும் விட்டது. எலுமிச்சையைப் பிழிந்து ஒரு வாய் வைத்தால் அம்மா சாதம் எங்கே என்று கேட்பார். நாக்சோஸ் உருளைக்கிழங்கு கிரீஸ் முழுக்கப் பேர்போனது, வறுவலே ஒரு வேளைச் சாப்பாடு.

சிக்கல் இரண்டு இடத்தில். 'யெமிஸ்டா' என்ற அடைத்த தக்காளியில் வெறும் அரிசியும் இருக்கலாம், கொத்துக்கறியும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம், 'நிஸ்டீசிமோ' என்று சொன்னால் விரத உணவு தருவார்கள்; பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறாலும் கணவாயும் சேர்த்தி! அதனால் 'ஹோரிஸ் கிரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி, ஹோரிஸ் தலசினா' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கறி இல்லாமல், மீன் இல்லாமல், கடலுணவு இல்லாமல்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஊரே ஒன்பது மணிக்குத்தான் வரும். ஏழரைக்குப் போனால் நல்ல மேசை உங்களுக்கு.

எங்களுக்கு நீச்சல் தெரியாது. (ஈரோடு)

நாக்சோஸ் ஊரை ஒட்டிய அயியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான். மெரினாவில் இழுக்கிற மாதிரி அலை இழுக்காது, கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. ஆனாலும் காற்று பலமாக இருக்கும் நாளில் மிதவையில் படுக்காதீர்கள், வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். டி-சர்ட், லெக்கிங்ஸோடு இறங்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

புக்கிங்கில் காட்டாத செலவு ஏதாவது? (பெங்களூரு)

காலநிலை வரி என்று ஒன்றைத் தங்குமிடத்திலேயே கட்டச் சொல்வார்கள். 2025 நிலவரப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு, மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. அடுத்தது கடற்கரைக் குடையும் சாய்வுநாற்காலியும். வாடகை முன்வரிசையில் எகிறும். ஆனால் கடற்கரை பொதுச்சொத்து. 2024இல் வந்த விதிப்படி கடை போட்டிருக்கும் கரைகளிலும் குறைந்தது பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே உங்கள் துண்டை விரித்துக்கொள்ளலாம்.

ஸ்கூட்டர் எடுக்க நம் லைசென்ஸ் செல்லுமா?

அது மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போங்கள், அதில் இருசக்கர வாகனமும் இருக்க வேண்டும். மணல் படிந்த வளைவுகள் ஜாக்கிரதை.

ஷெங்கன் விசாவுக்கு (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) எப்போது மனுப் போடுவது?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே போடலாம். மூன்று மாதத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்புகிற அறையாகவே எடுங்கள்.

பெட்டியில் கட்டாயம் வைக்க வேண்டியது? (நாகர்கோவில்)

பாறைக் கரைகளில் கடல் முள்ளெலி இருக்கும், அதற்கு ரப்பர் செருப்பு. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: ஒரு பிளாஸ்டிக் மக். தீவுகளில் கழிவறையின் கழிவுக்குழாய் குறுகலானது, காகிதத்தைக்கூடப் பக்கத்துக் கூடையில்தான் போடச் சொல்வார்கள். தண்ணீர்க் குழாயை எதிர்பார்க்காதீர்கள். என் பச்சை மக் ஐந்து தீவு பார்த்துவிட்டது.