ஒரே கல்லூரியை நம்பியிருக்கும் மகளுக்காக ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம். அமெரிக்காவின் அம்ஹேர்ஸ்ட் கல்லூரியைத் தவிர வேறெதற்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று மகள் பிடிவாதமாக நிற்பதாகக் கிளிநொச்சி முரசுமோட்டையிலிருந்து எழுதியிருந்தீர்கள். ஆசையைக் கெடுக்கவும் மனமில்லை, பேசாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். அவள் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். கூடவே வேறு நான்கைந்து இடங்களுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

அவளுடைய தெரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும்போது குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காத மிகச் சில அமெரிக்கக் கல்லூரிகளில் அம்ஹேர்ஸ்டும் ஒன்று. எடுத்தபின் தேவையான பண உதவியையும் கொடுக்கிறார்கள். செலவோ ஆண்டுக்கு 80,000 டொலரைத் தாண்டும். ஆகவே உலகம் முழுவதிலுமிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த வாசலுக்குத்தான் போகிறார்கள். ஓர் ஆண்டில் சேர்ப்பது ஏறத்தாழ 470 பேரை. விண்ணப்பிப்பவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

அவளுடைய கட்டுரையைப் படித்தேன். முதல் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுதான்: உலகை மாற்றுவேன், தலைமைத்துவம், கனவு. இரண்டாம் பக்கத்தில், உங்களோடு சிறுபோக நெற்செய்கைக்கான விவசாயிகள் கூட்டத்துக்கு வந்ததை எழுதியிருக்கிறாள். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு என்று பெரியவர்கள் வாதாடியதை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறாள். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் ஏன் எதிர்த்தார்கள் என்றும் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். அவளுக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. புவியியல், அரசியல், பொருளியல் மூன்றும் ஒரே மேசையில் வேண்டும்; எதிர்க்கேள்வி கேட்டால் கோபிக்காத ஆசிரியரும் வேண்டும். அவை எங்கெல்லாம் கிடைக்கும் என்று தேடுவோம்.

வெளிநாடென்றால் நான் முதலில் சொல்வது பங்களாதேஷின் சிட்டகொங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகத்தை. 2008இல் தொடங்கியது. அம்ஹேர்ஸ்டைப் போலவே பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும் தாராளக் கலைக் கல்விதான், ஆங்கில மொழிமூலம். அரசியல், மெய்யியல், பொருளியல் சேர்ந்த பட்டம் இருக்கிறது. சுற்றாடல் விஞ்ஞானமும் இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பெண்பிள்ளைகளை மனதில் வைத்தே கட்டிய இடம் என்பதால் பெரும்பாலானவர்கள் புலமைப்பரிசிலில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கு ஆயத்த வகுப்பும் உண்டு. தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு இது சிறிய விடயமல்ல. அடுத்தது இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில்; கலை, மானிடப் பண்பியல் பட்டங்களுக்கும் கிடைக்கும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைப் பார்த்து வரவேண்டும்.

அமெரிக்காவிலேயே இன்னும் இரண்டு பெயர்கள்: கிரினெல், பெரியா. கிரினெல் தெரிவின்போது பணவசதியையும் பார்க்கும். எடுத்துவிட்டால் தேவையை முழுதாகக் கொடுக்கும். பெரியா கல்லூரி எந்த மாணவரிடமும் கற்பித்தல் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் எல்லோரும் வாரத்துக்குப் பத்து மணித்தியாலமாவது வேலை செய்யவேண்டும். வயலில் வளர்ந்த பிள்ளைக்கு அது பொருட்டல்ல. ஆனால் வெளிநாட்டவருக்கு அங்கே இடங்கள் மிகக் குறைவு. உள்ளதைச் சொல்கிறேன் ஐயா: முழுப் பண உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்காவில் நிச்சயமான இடம் என்று ஒன்று கிடையாது.

நிச்சயமான இடம் இங்கே இலங்கையில்தான் இருக்கிறது. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளி) வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, விண்ணப்பத்தை முடிவுத் திகதிக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பதில் வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிடுவதுதான் பெரிய நட்டம். பேராதனையின் கலைப்பீடத்தையும் யாழ்ப்பாணத்தின் கலைப்பீடத்தையும் தெரிவு வரிசையில் மேலே போடலாம். இரண்டிலும் முதலாம் ஆண்டில் பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சிறப்புப் பாடத்தைத் தெரிவு செய்யலாம். தாராளக் கலைக் கல்லூரிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். விடுதி வாழ்க்கை, நூலகம், மூன்று மொழிப் பிள்ளைகளோடு பழகுவது ஆகியவற்றுக்காகப் பேராதனைக்கு என் வாக்கு. நீர்ப்பாசனம் பற்றிய அவளுடைய கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தின் புவியியல் துறை கிட்டிய இடம். அந்தப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. “கலைப்பட்டம் எடுத்து என்ன செய்வது?” என்று ஊரில் கேட்பார்கள். அதே படிப்பை அமெரிக்காவில் படித்தால் கேட்கமாட்டார்கள், வேடிக்கைதான். புள்ளி போதாவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு.

முகவர்கள் வந்து அனுமதிக் கடிதம் காட்டினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: பண உதவி எவ்வளவு என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் விலைச்சீட்டு. அதற்காகக் காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். மாணவர் விசாவுக்கு முதலாம் ஆண்டுச் செலவுக்கான பணம் இருப்பதையும் காட்டவேண்டும். இலவசமாக ஆலோசனை கேட்க, கொழும்பிலுள்ள அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது.

இப்போதே தொடங்கவேண்டியது வருமானப் பத்திரங்கள். பண உதவி கேட்கும் எல்லா இடங்களிலும் குடும்ப வருமானத்தைக் கேட்பார்கள். உங்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. கிராம அலுவலரைப் பார்த்துப் பிரதேச செயலகத்தில் வருமானச் சான்றிதழ் எடுங்கள். இரு போக விளைச்சலையும் விற்ற விலையையும் ஒரு தாளில் எழுதி, நெல் விற்ற பற்றுச்சீட்டுகள் இருந்தால் சேர்த்து வையுங்கள். சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, நான்கைந்து பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். மகளின் திருத்திய கட்டுரையையும் அவற்றோடு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.