கடனை முடிக்கவா, போடிங்குக்குப் போகவா?

கேள்வி: எனக்கு 26 வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எல்லாம் கழித்துக் கைக்கு 64,000 ரூபாய் வருகிறது. வீடு நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு). ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் குசினி. அதற்குள் அப்பா, அம்மா, அப்பாயி, உயர்தரம் படிக்கும் தம்பி, நான். ஏ.ஏ.டி. என்ற கணக்கியல் பரீட்சைக்குக் காசு கட்டியும் படிக்க இடமில்லாமல் விட்டுவிட்டேன். டவுனில் போடிங்குக்கு, அதாவது வாடகைக்கு, ஒரு அறை பார்த்திருக்கிறேன். மாதம் 12,000, மூன்று மாத முற்பணம்.

கடன் இவ்வளவு: அப்பாவின் முதுகு வைத்தியத்துக்காகப் போன செப்டெம்பரில் அம்மாவின் 3 பவுண் சங்கிலியை வங்கியில் 300,000க்கு அடகு வைத்தோம், வருட வட்டி 15 வீதம். அம்மா பெயரில் 100,000 ரூபாய் குழுக்கடன், கிழமைக்கு 2,250 வீதம் 52 கிழமை, இன்னும் 30 கிழமை இருக்கிறது, கட்டுவது நான்தான். போன் தவணை மாதம் 8,500, மே மாதத்தோடு முடியும். மாமாவிடம் வட்டியில்லாமல் வாங்கிய 60,000. வீட்டுக்கு மாதம் 20,000 கொடுக்கிறேன். சீட்டுக்கு 5,000 போகிறது. 100,000 ரூபாய்ச் சீட்டு, ஓகஸ்டில் என் முறை.

‘கடனெல்லாம் அடைத்துவிட்டுப் போ’ என்கிறார் அப்பா. ‘அதற்குள் உனக்கு நாற்பது வயதாகிவிடும்’ என்கிறாள் தோழி. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு மேல் காசு தரலாம் என்கிறார்கள் வங்கியில். அதை எடுத்துக்கொண்டு இந்த மாதமே போகவா?

பதில்: இந்த மாதம் வேண்டாம். செப்டெம்பரில் போகலாம். நகைக்கு மேல் காசு எடுக்காமலே போகலாம்.

முதலில் உங்கள் மாதக் கணக்கு. வீட்டுக்கு 20,000, குழுக்கடனுக்கு மாதக் கணக்கில் ஏறக்குறைய 9,750, போனுக்கு 8,500, சீட்டு 5,000. பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் 9,000 என்று வைத்தேன். கடை பூட்ட நேரமாகி, தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கும் நாட்களுக்கு 4,000. மொத்தம் 56,250. மிச்சம் 7,750. உடுப்பு, ரீலோட், அப்பாயியின் மருந்து எல்லாம் அதற்குள்தான்.

போடிங்குக்குப் போனால் வாடகையும் கரண்ட், தண்ணீர் பில்லும் சேர்ந்து 13,500. காலை, இரவுச் சாப்பாடு எவ்வளவு சிக்கனமாகச் சமைத்தாலும் 14,000. ஞாயிறுகளில் வீட்டுக்குப் போய்வர 1,500. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒரு 8,000 மிச்சமாகும். ஆக இன்றைய செலவுக்கு மேல் 21,000 வேண்டும். உங்களிடம் இருப்பது 7,750. அந்த ஓட்டையை நகைக் காசால் அடைத்தால் நாலைந்து மாதம் ஓடும். அப்புறம் அறையும் இருக்காது, சங்கிலியும் இன்னும் தூரப் போயிருக்கும்.

வங்கி மேல் காசு தருகிறேன் என்பது உங்கள் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இங்கே தங்கமும் கூடவே ஏறியது. அதற்குப் பிறகு உலகச் சந்தையிலும் விலை வெகுவாக ஏறியிருக்கிறது. நகை அதே 3 பவுண்தான், அதன் மேல் ஏற்றக்கூடிய கடன் மட்டும் பெருத்திருக்கிறது. இப்போது மீட்க முடியாத 300,000 நாளைக்கு 450,000 ஆனால் அந்தச் சங்கிலியை அம்மா மறந்துவிட வேண்டியதுதான்.

இனி உங்கள் அப்பா சொல்வதற்கு வருவோம். கடன் எல்லாம் ஒரே சாதி இல்லை. வட்டியைப் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் வீட்டை விட்டுப் போகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நீங்கள் இல்லாத நாளில் அந்தக் கடனைக் கேட்டு யார் வாசலில் வந்து நிற்பார்கள், யார் பதில் சொல்ல வேண்டும்?

போன் கடைக்காரர் உங்களுக்குத்தான் கோல் எடுப்பார். வங்கி உங்களுக்குத்தான் கடிதம் போடும். குழுக்கடன் அப்படியில்லை. கூட்டம் நடக்கிற நாளில் அம்மா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக அங்கே போய் உட்கார வேண்டும். கையில் 2,250 இல்லையென்றால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் போட்டுக் கட்ட வேண்டும். அவர்கள் யார்? அடுத்த காம்பரா, எதிர் லயம், ஒரே மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள். டவுனில் வாடகை இடிக்கிற ஒரு மாதத்தில் நீங்கள் இரண்டு கிழமை தவறினால் போதும், காலையில் எல்லோரும் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் அம்மாவால் தலை நிமிர முடியாது. அதனால் இந்தக் கடன் முடியும் வரை நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நகைக் கடன் முடியும் வரை இருக்கத் தேவையில்லை.

வட்டியும் இதில்தான் அதிகம். நூறாயிரத்துக்கு 117,000 திருப்பிக் கட்டுகிறீர்கள், 17 வீதம்தானே என்று கடன் கொடுத்தவர் சொல்லியிருப்பார். முழுத் தொகையும் வருடம் பூராவும் உங்கள் கையில் இருந்தால்தான் அது 17 வீதம். நீங்கள் கிழமைக்குக் கிழமை முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வருடச் சராசரி பார்த்தால் உங்களிடம் இருந்த காசு ஐம்பதாயிரம் அளவுதான். ஐம்பதாயிரத்துக்குப் பதினேழாயிரம் என்றால் வட்டி 30 வீதத்துக்கு மேல். அடகு வட்டியைப் போல இரண்டு மடங்கு.

அப்படியானால் 15 வீத நகைக் காசை எடுத்து இதை முடித்தால் லாபம் இல்லையா என்று கேட்பீர்கள். கணக்கு எழுதுகிறவர், கேட்கத்தான் செய்வீர்கள். மீதி 30 கிழமைக்குக் கட்ட வேண்டியது 67,500. இன்றே முழுவதும் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடன் அலுவலரிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வட்டியை முதலிலேயே கூட்டி வைத்த கடன்களில் பல இடங்களில் ஒன்றும் குறைக்க மாட்டார்கள். 67,500ஐயும் கேட்டால் முன்கூட்டிக் கட்டுவதில் ஒரு சதமும் லாபமில்லை, கிழமைக்குக் கிழமை கட்டியே முடியுங்கள். பெரிய தொகை குறைத்தால் பார்க்கலாம். ஆனால் ஒரு குழுக்கடன் முடிகிற கிழமையிலேயே அடுத்ததை நீட்டுவார்கள். அம்மா அதை வாங்க மாட்டார் என்று உங்களுக்கு நிச்சயமா? அதை அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

சரி, செப்டெம்பர் எப்படி வருகிறது? மே மாதத்தோடு போன் முடியும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அந்த 8,500ஐத் தனியாக எடுத்து வையுங்கள், 17,000. ஜூலைக் கடைசிக்குள் குழுக்கடனும் முடியும். ஓகஸ்டில் சீட்டு 100,000. ஆக 117,000. அதில் முதல் 45,000 வங்கிக்கு: ஒரு வருட வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பியுங்கள். அடகுத் துண்டில் போட்டிருக்கும் திகதிக்கு ஒரு கிழமை முன்னாலேயே போய்விடுங்கள். திகதியை மறந்துவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடலாம்.

மாத வருமானத்தில் அப்போது 26,000 மிஞ்சும். தனி அறைக்கு 21,000 போனால் மிச்சம் 5,000. அடுத்த வருட அடகு வட்டிக்கு மாதம் 3,750 ஒதுக்க வேண்டும், மாமாவுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். காணாது. ஆகவே தனி அறை எண்ணத்தை விட்டுவிட்டு, படிக்கிற ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு பகிருங்கள். உங்கள் பங்கு வாடகை 7,000க்குள் வந்தால் மாதம் 10,000 மிஞ்சும். 3,750 வட்டிக்கு, 3,000 மாமாவுக்கு, மீதி உடுப்பு, ரீலோட், மருந்து போன்ற கைச்செலவுக்கு. முற்பணத்தில் உங்கள் பங்கு 21,000, மெத்தை, ஒற்றை அடுப்பு, பாத்திரம் என்று ஒரு 25,000. வங்கிக்கும் கட்டி இதுவும் போக 26,000 கையில் நிற்கும். அதைத் தொடாதீர்கள். அப்பாவின் முதுகு இன்னொரு முறை மக்கர் பண்ணலாம். சீட்டு எடுத்த பிறகு கட்டுகிற 5,000 இனிக் கடன்தான் என்பதையும் மறக்க வேண்டாம், ஒரு மாதமும் தவறக் கூடாது.

தோழி சொல்வதும் சரியில்லை. நீங்கள் வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் அடைத்தால் நாற்பது ஆகாது. நோய்நொடி வராமல் இருந்தால் அடுத்த வருடக் கடைசிக்குள் முடிந்துவிடும். செப்டெம்பரிலேயே போனால் நகை இன்னும் சில வருடம் அடகில் கிடக்கும், வருடத்துக்கு 45,000 வட்டி. அறைக்கு நீங்கள் கொடுக்கிற உண்மையான வாடகையில் அதுவும் சேர்த்தி. ஏ.ஏ.டி.யை முடித்துச் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காசு திரும்பி வரும், நான் போகத்தான் சொல்வேன். புத்தகத்தைத் தொடப் போவதில்லை என்றால் அடுத்த வருடம் வரை இஸ்தோப்பிலேயே சமாளியுங்கள்.

உங்கள் ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எப்.) 30 வீதம் எடுக்கலாமா என்று யோசித்திருந்தால், அதற்குக் குறைந்தது பத்து வருடப் பங்களிப்பு வேண்டும், காரணமும் வீடு அல்லது வைத்தியமாக இருக்க வேண்டும். போடிங் முற்பணம் அதில் சேராது. அம்மாவுக்கு 50 வயதானதும் வருகிற நிதியை எடுத்து நகையை மீட்கலாம் என்று வீட்டில் பேச்சு எழலாம். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நாள் சம்பளக்காரருக்கு அதைத் தவிரப் பெரிதாக வேறு சேமிப்புக் கிடையாது.

வீட்டுக்குக் கொடுக்கும் 20,000ஐப் பற்றி அப்பா அம்மா இருவரோடும் உட்கார்ந்து பேசுங்கள், சொல்லாமல் குறைக்காதீர்கள். கொழுந்து குறைந்து அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுகிற மாதங்களும் தீபாவளி முற்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிற மாதங்களும் அவர்களுக்கு இறுக்கம். அந்த மாதங்களில் முழுதாகக் கொடுங்கள். நீங்கள் சாப்பிடாத சோற்றுக்காக மற்ற மாதங்களில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைப்பதில் தப்பில்லை.

மாமாவிடம் இந்தக் கிழமையே போய்வாருங்கள். ‘செப்டெம்பரிலிருந்து மாதம் 3,000’ என்று திகதியோடு சொல்லிவிடுங்கள். இருபது மாதத்தில் முடியும். போடிங்கில் குடியேறிய செய்தி அவருக்கு வேறு யார் வாயிலிருந்தும் முதலில் போகக் கூடாது. அறைக்காரரிடம் முற்பணத்துக்கு ரசீது, மின்மானி தனியா பொதுவா என்ற பதில், இரண்டையும் காசு கொடுக்கும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். ஹட்டன் மழையில் உடுப்புக் காயப்போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.